ரேடியோவில் நம்ம நடவுப் பாட்டு

திரௌபதிக்கு,

இன்னிக்கு ஜூலை ஒன்பது. காலையில ரேடியோவுல 'இதே நாளில்'னு ஒரு நிகழ்ச்சி. எண்பத்தி நாலுல இதே தேதியிலதான் நம்ம நடவுப் பாட்டு முதல்முதலா ஒலிபரப்பாச்சாம். பாட்டையும் போட்டாங்க. மாட்டுக்குப் புல்லு போடப் போனவ அப்படியே நின்னுட்டேன். நாம ரெண்டு பேரும் வில்லியனூர்ல பஸ் மாறி ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனது, மைக்கைப் பார்த்ததும் உனக்குப் பாட்டு மறந்துபோய் நான் அடியெடுத்துக் குடுத்தது, எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் உன்னை போன்ல பேச வெச்சாங்க. "உங்க கூடப் பாடினது யாரும்மா?"ன்னு கேட்டாங்க.

"யாரோ ஒரு பொண்ணு, பின்பாட்டுக்கு வந்தா. பேரு ஞாபகம் இல்லீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சே.

பக்கத்துல இருந்த என் மருமக, "இன்னா அத்தை, அந்த இன்னொரு குரல் உங்களுது மாதிரியே இருக்கு?"ன்னா. "என்னுது இல்லடி"ன்னுட்டு ரேடியோவை நிறுத்திட்டேன்.

பொங்கலுக்குப் பொங்கல் என் வூட்டுக்கு வந்து, என் கையால சாப்பிட்டுப் போறவ நீ. இதை மறதின்னு நான் நம்பணுமா?

உன் பேத்தி கல்யாணத்துல நலங்குக்குப் பாட என்னைக் கூப்பிட்டிருந்தே. நான் வரமாட்டேன். நீயே தனியாப் பாடிக்கோ.

இப்படிக்கு,
சுத்துக்கேணியிலிருந்து நான்.