மிஷின் நிற்கிற இடம்

4-6-2007, திங்கள்
மசாலா கம்பெனியில் என் பாக்கெட் மிஷின் இன்று முரண்டு பிடித்தது. வீட்டுக்கு வந்தால் மருமகள் சுப்ரியா பேசவே இல்லை. பெங்களூர் காலேஜில் அவள் செய்கிற பரிசோதனை தேறவில்லையாம். இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் படிப்பை விட்டுவிட்டுத் தான் வேலை பார்க்கிற கம்பெனியில் சேரச் சொல்கிறான் என் மகன் சுபாஷ். அவளுக்கு அளவெடுத்துக் கம்பெனி நீலச்சட்டைகூட வாங்கி ஆணியில் மாட்டிவிட்டான். சுறுசுறுப்பான பிள்ளை.

6-6, புதன்
அப்படி என்னதான்டி பண்றே என்று கேட்டேன்.

செல்லுக்குள் புரதம் செய்கிற மிஷின் ஒன்று இருக்கிறதாம். அதற்கு 5எஸ் ஆர்.என்.ஏ. என்று ஒரு சின்ன உதிரிபாகம். ஜீனைப் பார்த்து அதை நகலெடுக்கிறது ஒரு என்சைம். எங்கே தொடங்குவது என்கிற அடையாளம் ஜீனின் நடுவில் இருக்குமாம். நடுவில் பிடித்துத் தலையிலிருந்து ஓடுமாம். நம்ம வீட்டுச் சண்டையும் அப்படித்தான் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

"ஜீனோட முடிவுல 'டி'ங்கிற எழுத்தே வரிசையா வரும் அத்தை. அங்க நின்னு கழண்டுக்கும்."

"எங்க பாக்கெட் ரோல்ல வெட்டுற இடத்துக்கு அடையாளமா கருப்புக் கோடு இருக்குமே, அது மாதிரி. கோடு அழிஞ்சா ரெண்டு பாக்கெட் ஒட்டியே வரும்."

"உங்க மிஷின்ல பாக்கிற கண்ணு வேற, வெட்டுற கத்தி வேற. இதுல ஓடுறதே தானா நின்னுக்கும்."

சரி தாயே.

7-6
மழை. பக்கத்து மிஷின் கெம்பம்மா லீவு. வம்பிழுக்க ஆளில்லை.

12-6, செவ்வாய்
'டி'யை மாற்றிவிட்டால் என்சைம் நிற்காமல் ஓடி நகல் நீளமாக வரணும், அதுதான் அவள் பரிசோதனை. குட்டையாகவேதான் வருகிறது. சுப்ரியா சாப்பிடவில்லை. "ரெண்டாந்தேதி சுப்ரியா வந்துருவான்னு கம்பெனியில சொல்லிட்டேன்" என்கிறான் சுபாஷ். அவளைக் கேட்டானா? பொண்ணு என்ன மூட்டையா, தூக்கி அங்க வெக்க?

15-6
அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து 'டி'யில் ஓரத்தில் ஒன்றைத்தான் மாற்றியிருந்தாளாம். மிச்சம் நாலு. நிற்பதற்கு நாலே போதுமாம்.

"மாத்துறதுலகூட கஞ்சத்தனம். உங்கம்மா வீட்டுப் பழக்கம்" என்றேன்.

முறைத்தாள். ஆனால் சாப்பிட்டாள். இன்னும் மூன்றை மாற்றிப் பார்க்கப்போகிறாள்.

29-6, வெள்ளி
ஜெல் என்று ஒன்றில் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். குட்டை கீழே ஓடிவிடும், நீளமானது மேலேயே தங்கும். இன்று மேலே தங்கியது. எல்லை தாண்டி நம்ம ஜூஜுவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் பண்ணினாள், ரோமிங் காசு மிச்சமாம். முதலில் சுபாஷுக்கு. எனக்கு அப்புறம்தான். இருக்கட்டும்.

30-6
ஆணியில் நீலச்சட்டையைக் காணோம்.

"திருப்பிக் குடுத்துட்டேம்மா. சைஸ் சரியில்ல" என்றான் சுபாஷ்.

அளவெடுத்து வாங்கின சட்டை. வாய் வரை வந்தது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.