ஐந்து அங்குலம் இறங்கிய கூரை

மார்ச் 12, 1994

அறுபத்தொரு வயதிலாவது என் புருஷனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. டுவேன் இன்னொரு வண்டி வாங்கிவிட்டான். ஐம்பதாம் வருஷத்து ஷெவர்லே பிக்கப். சார்ஜென்ட் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் அதில் குடியிருந்தனவாம். வெல்டிங் பட்டறை வாலஸின் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். இருக்கையில் இன்னும் முட்டை ஓடு கிடக்கிறது. பெரிய எஞ்சின் வைத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, தெருவே அதிர ஓடும் ஹாட் ராட் ஆக்கப் போகிறார்களாம். போன வண்டியோடு சரி, இனிமேல் கிடையாது என்று அவன் வாயால்தான் சொன்னான். நான் சமையலறை ஜன்னலருகே, துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 27

வெண்ணெய் நிறமாம்! கல்யாணமான நாளிலிருந்து அவன் வண்டிகளில் கறுப்பைத் தவிர வேறு நிறம் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் ஐஸ்கிரீம் விற்கிறவனுக்கு என்பான். ஏன் என்று கேட்டால், மனசு மாறிவிட்டதாம். இந்த மனிதனுக்கு மனசு மாறி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 9

இன்றும் கிராண்ட் ஐலண்ட் நகரத்துக்குப் போனார்கள், உதிரி பாகம் வாங்க. மாதம் ஒருமுறை போகிறார்கள். வெறுங்கையோடு வருகிறார்கள். வாலஸ்தான் ஓட்டுகிறான். என் புருஷன் அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து போகிறான் என்பதே எனக்கு அதிசயம்.

ஏப்ரல் 23

பட்டறைக்கு சாண்ட்விச் கொண்டுபோனேன். கூரையை வெட்டும் நாள் இவர்களுக்குத் திருவிழா மாதிரி. ஓட்டப் போகிறவனை உள்ளே உட்காரவைத்து, கண் மட்டம் பார்த்து, ஜன்னல் தூணில் டேப் ஒட்டிக் குறிப்பார்கள். பிறகுதான் ரம்பம். டுவேன் எப்போதும் மூன்று அங்குலத்துக்கு மேல் வெட்ட விடமாட்டான். ஆறடி இரண்டு அங்குல மனுஷன், தலை வைக்க இடம் வேண்டாமா?

இன்றைக்கு அவன் உள்ளே ஏறவே இல்லை. வாசலில் நின்றபடி ஐந்து என்று சொன்னான். வாலஸும் மறுபேச்சுப் பேசாமல் டேப் ஒட்டினான். நீ எங்கே உட்காருவாய் என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றான். பார்த்துக்கொள்வதற்கு என்ன இருக்கிறது, கழுத்தை மடித்து வைப்பானா?

மே 1

வெட்டிவிட்டார்கள்.

மே 7

எழுதவே கை வரவில்லை.

அவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பட்டறைக்குப் போய் வண்டியில் ஏறினேன். இருக்கையை முன்னால் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். பெடல்களை நீட்டி, ஸ்டியரிங்கை இறக்கி, எல்லாம் ஒரு குள்ளமான பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. என் கால் அழகாக எட்டியது. முன்கண்ணாடியின் நடுவில் என் கண். அடுத்தவள் சட்டையைப் போட்டுப் பார்த்தவள் மாதிரி அவசரமாக இறங்கினேன்.

எனக்கு அல்ல. எனக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாது, என் ப்யூயிக் காரின் தானாக மாறும் கியர்தான் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். தன் வண்டியை வாசலிலிருந்து நகர்த்தக்கூட சாவி கொடுக்காதவன் அவன். அப்படியானால் யாருக்கு? உதிரி பாகக் கடை டார்லா ஐந்தடிதான் இருப்பாள். மண் தடத்தில் பந்தயம் ஓட்டுகிறவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. போன வாரம் கடையில் என்னைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரித்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கா இது?

மே 8

காலையில் டுவேன் ஸ்டூலில் இடித்துக்கொண்டான். காபி என் மேசைவிரிப்பெல்லாம் கொட்டியது. கண்ணை எவகிட்ட விட்டுட்டு வந்தே என்று கேட்டேன். குனிந்து துணியைத் தேடினான். பக்கத்திலேயே இருந்தது, எடுத்துக் கொடுக்கவில்லை நான்.

மே 14

கேட்டுவிட்டேன். அந்த வண்டி யாருக்கு என்று.

"உனக்குத்தான், ஆர்லிஸ். வேற யாருக்கு?"

"எனக்கு கிளட்ச்சே மிதிக்கத் தெரியாதுடா, மடையா."

"கத்துக்கோ."

பிறகு சொன்னான். கண்ணில் அழுத்தமாம். இரண்டு ஓரமும் போய்விட்டது, நேராக நடுவில் மட்டும்தான் தெரிகிறது, குழாய் வழியாகப் பார்ப்பது போல. போனது திரும்பி வராதாம். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து, மாதாமாதம் கிராண்ட் ஐலண்டில் டாக்டர். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கறுப்பு வண்டி கொட்டகை இருட்டில் காணாமல் போய்விடுகிறதாம், அதனால் வெண்ணெய் நிறம்.

அழுகை வரவில்லை. முட்டாள்தனமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எனக்கென்றால் தானாக மாறும் கியரை வைத்திருக்கலாமே?

"அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல" என்றான்.

சிரித்தேன். சிரித்த வாயோடு அழுதேன்.

மே 15

இலையுதிர் காலத்திலிருந்து தெரியுமாம். வாலஸுக்குத் தெரியும். பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாது! டார்லா அன்பாகச் சிரித்தது என் கால் அளவை அவள்தான் ஊகித்துச் சொன்னதால். அன்று ஸ்டூலில் இடித்தபோது நான் கேட்டதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே 18

இன்னும் ஒரு இடி. வலது பக்கமும் அதே கூரைதானே, நீ எப்படி உட்காருவாய் என்று கேட்டேன். உட்காரப் போவதில்லையாம். நான் ஓட்டிப் போவேனாம், இவன் வாசலில் நின்று எஞ்சின் சத்தம் கேட்பானாம். வண்டிக்காரர்கள் கூடும் கூட்டத்துக்கு வந்தால் எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்களாம்.

எவனுக்கு வேணும் இவன் பிக்கப்பு? நான் என்ன ஊர் சுத்தறதுக்கா ஏங்கிக் கெடக்கேன்? இவ்ளோ நாள் அந்த நாத்தம் புடிச்ச கிரீஸ் சட்டையத் தொவச்சது பக்கத்துல உக்கார்றதுக்குத்தானே — தனியா அனுப்பறானாம் தனியா!

மே 21

வாலஸிடம் போனேன். வலது பக்கத் தரையை வெட்டி இறக்கு, இருக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாக ஒன்று வை என்றேன். அடிச்சட்டத்துக்கு உள்பக்கமாகக் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் முழங்கால் தாடையில் இடிக்கும் என்றான்.

"இடிக்கட்டும்."

"டுவேன் என்னைக் கொன்னுடுவான்."

"வெட்டலேன்னா நான் கொல்லுவேன். ஆறு மாசம் எங்கிட்ட மறைச்சவன் நீ."

உடனே ரம்பத்தை எடுத்தான்.

ஜூன் 4

டுவேன் பார்த்துவிட்டான். கையால் தடவிப் பார்த்தான் என்று எழுத வேண்டும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இன்று, வெல்டு தையல் கோணலாக இருக்கிறது என்று வாலஸைத் திட்டிவிட்டு, பஞ்சு மெத்தையைத் தானே வெட்டிப் பொருத்தினான்.

ஜூலை 16

வாலஸின் வைக்கோல் வயலில் பழகுகிறேன். இன்று எஞ்சின் ஓடிய நேரத்தைவிட என் காலில் அணைந்து நின்ற நேரம் அதிகம். டுவேன் என் பக்கத்தில் வண்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, காதாலேயே கியர் சொல்கிறான். "இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப." நான் திட்டுகிறேன். அவனும் திட்டுகிறான். பெரிய எஞ்சின், கால் பட்டாலே பாய்கிறது. பயம்தான். இவ்வளவு நாள் இந்தச் சுகத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தானே, படுபாவி.

செப்டம்பர் 5

செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறை, ஊர்ச் சதுக்கத்தில் வண்டிக்காரர்கள் கூட்டம். காலையில் டுவேன் வரமாட்டேன் என்றான். நான் எஞ்சினைக் கிளப்பிவிட்டு வாசலிலேயே காத்திருந்தேன். கடைசியில் வந்து, மடங்கி, உள்ளே நுழைந்தான்.

எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தால் ஆட்கள் தானாக வருவார்கள். முதலில் வந்தவன் கென்னி ஹோலுப். ஃபோர்டு வெறியன், முப்பது வருஷமாக எங்கள் ஷெவர்லேக்களைக் கிண்டல் அடிப்பதே அவன் வேலை. நான் ஸ்டியரிங்கில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தான். வலது ஜன்னலுக்குப் போய் டுவேனிடம் கையை நீட்டினான்.

டுவேன் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் நீண்ட கை அவனுக்குத் தெரியவில்லை. கை அப்படியே நின்றது. கென்னி கையைப் பார்த்தான், டுவேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் ஜன்னலுக்குள் குனிந்து, டுவேனின் முழங்காலில் இருந்த கையைத் தானே எடுத்துக் குலுக்கினான்.

"பொண்டாட்டி ஓட்டினாத்தான் ஷெவர்லே ஓடும்போல" என்றான்.

"வர்ற வழியில மூணாவது கியர்ல உன் ஃபோர்டைத் தாண்டினோமே, பாக்கலியா?"

"பாத்தேன்டா."

"நான் பாக்கல, கென்னி. கேட்டேன்."

கென்னி தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு வண்டியைச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்து, எஞ்சின் என்ன, கியர்பாக்ஸ் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று, ஓட்டுகிறவனிடம் கேட்பது போல என்னிடம் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை டுவேன் தரையில் இருந்தபடி சொன்னான்.