அந்தோனியார் போட்ட சத்தம்

அக்கா,

உங்கள் மகளின் விண்ணப்பப் படிவம் என் மேசையில் கிடக்கிறது. தோட்டவெளி முகவரி, குண்டு குண்டான எழுத்து. கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு ஆள் எடுப்பது இப்போது என் பொறுப்பு. காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

நாமென்ன வீராங்கனைகளா? நீங்கள் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். நான் அரிப்பு ஊர்க் கடற்கரையில் கருவாடு காயவைத்த முஸ்லிம் வீட்டுப் பெண். அரசாங்கக் கந்தோரைக் கூட்டிப் பெருக்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினோம். உயிலங்குளம் தாண்டியதும் கண்ணிவெடிக் காடு தொடங்கிவிடும். காட்டோரக் கூடாரத்தில் தோடு, வளையல், உங்கள் தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போடுவோம். உடம்பில் எந்த உலோகம் இருந்தாலும் கண்ணிவெடி தேடும் கருவி கத்திவிடும். புருஷன் உயிரோடு இருக்கத் தாலியைக் கழற்றுகிறேனே என்று முதல் நாள் சொல்லிச் சொல்லித்தான் கழற்றினீர்கள். மறுநாளே சட்டையின் உட்புறத்தில் புனித அந்தோனியார் சுரூபம் பதித்த ஒரு சின்ன உலோகப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்தீர்கள். அதை மட்டும் நீங்கள் ரின்னுக்குள் போடவே இல்லை.

நாம் இருவரும் ஒரு சோடி. ஒருவர் முழந்தாளிட்டுப் பற்றையை வெட்டி, கருவியைப் பிடித்து முன்னேற, மற்றவர் பின்னால் நின்று பார்த்து, பிழை விட்டால் தடுக்க வேண்டும். கருவி கத்தினால், ஆணியாக இருந்தாலும் தோண்டிப் பார்த்தே ஆகவேண்டும். நீங்கள் அளவுக்கு மேல் குனிந்தால் அது மெல்லக் கீச்சிடும். நான் பதறுவேன். "அது என்ர அந்தோனியார். பனங்காட்டு நரி சலசலப்புக்குப் பயப்படுமோ, தங்கச்சி?" என்று சிரிப்பீர்கள்.

மேற்பார்வையாளரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உங்களை நிறுத்திவிடுவார்கள். அதோடு, உங்கள் வேத விஷயத்தில் நான் கைவைக்கலாமா என்றும் ஒரு கூச்சம். நாள் போகப் போக அந்தச் சத்தம் எனக்கும் பழகிவிட்டது.

அன்று காலைத் தேநீருக்குப் பிறகு உங்கள் முறை. கருவி கீச்சிட்டது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்காலை முன்னே வைத்தீர்கள். எனக்கும் கேட்டது அக்கா. நான் தடுக்கவில்லை. பிறகு மண் எழும்பியதைத்தான் பார்த்தேன்.

உங்கள் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். பாழாய்ப்போன நான் அதில் கையொப்பம் வைத்தேன்.

நேற்று இந்தப் படிவத்தோடு மகள் வந்தாள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "அன்ரி, அம்மா கவனமில்லாமத்தானோ செத்துப்போனவ?" என்று கேட்டாள். சுரூபத்தைப் பற்றிச் சொன்னேன். அன்றைய சத்தம் எனக்கும் கேட்டது என்று சொன்னேன். அவள் அழவில்லை. எழும்பிப் போகும்போது அவள் சொன்னது இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

"வேலையைத் தாங்கோ அன்ரி. ஆனா எனக்குப் பின்னால நீங்கள் நிக்க வேண்டாம்."