பட்டுப் பாயின் கால்மாட்டுப் பாதி

6.11.95, திங்கள்

விடிந்ததிலிருந்து நசநசவென்று மழை. பஸ் ஸ்டாப்பில் குடைக்கம்பி முறிந்தது. செருப்பு வார் நேற்றே போயிற்று.

துறைத்தலைவர் (இனி து.த., முழுதாக எழுதக் கை வரவில்லை) மறுபடி கூப்பிட்டுவிட்டார். கண்காட்சிக்கு இரண்டு வாரம்கூட இல்லையாம். எனக்குத் தெரியாதா? ‘வீட்டுப் பொருளில் அறிவியல்’ என்று தலைப்பு வைத்தவர் அவர். பெண்கள் கல்லூரி என்றதும் அடுப்படிதான் ஞாபகம் வந்திருக்கிறது. வேதியியலுக்கு மஞ்சளும் புளியும். தாவரவியலில் ஜெபமணி பயறு முளைக்க வைக்கிறாள், தீர்ந்தது அவள் பாடு. இயற்பியலுக்கு மட்டும் ராக்கெட். அதுவும் நிஜமாகப் பறக்க வேண்டுமாம். ராக்கெட் எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஒன்று விடாவிட்டால் கேவலம் என்கிறார். விடப்போவது நான்.

இதுவரை பார்த்தவை:
பவுடர் டப்பா. கனம்.
சார்ட் பேப்பர் குழல். இந்த ஈரத்தில் தொய்ந்து இட்லித் துணி மாதிரி ஆகிவிட்டது.
மூங்கில். வெடித்தால் யார் கண்ணாவது போகும்.
ஊதுகுழல். அம்மா தரவில்லை.

தலைவலி. விடைத்தாள் கட்டு பிரிக்கவே இல்லை.

8.11, புதன்

மழை விட்டு விட்டு. சோறு இறங்கவில்லை.

மத்தியானம் ஜெபமணியிடம் புலம்பினேன். லேசாக இருக்க வேண்டும், வளைய வேண்டும், நெட்டுக்கு விறைப்பாகவும் நிற்க வேண்டும், ஈரத்தில் ஊறக்கூடாது, அப்படி வீட்டில் என்ன இருக்கிறது என்று. “பாயத் தவிர என்ன இருக்கு?” என்றாள். சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே யோசனை.

பரணில் இருக்கிறது ஒன்று. பத்தமடைப் பட்டுப் பாய். எனக்கு நிச்சயம் ஆனபோது அம்மா சொல்லி நெய்தது. தலைமாட்டில் மாப்பிள்ளை பேர், நெல்லையப்பன்; கால்மாட்டில் என் பேர், காந்திமதி. ஊர்ச் சாமியும் அம்மனும் பேர்ப் பொருத்தத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு வீட்டில் அத்தனை பூரிப்பு. பாய் வந்து விரித்துப் பார்த்த பிறகுதான் பெரியத்தை கேட்டாள், சாமி பேர் மேல் எப்படிப் படுப்பது என்று. யாருக்கும் பதில் தெரியவில்லை. நல்லவேளை, பதில் தேவைப்படவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பாய் பரணில். விற்க முடியாது, பேர் இருக்கிறது. யாருக்கும் கொடுக்க முடியாது, பேர் இருக்கிறது. விரிக்க முடியாது, சாமி இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா இறக்கித் தூசி தட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்ப ஏற்றுவாள். நான் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவேன்.

இன்று அம்மா கோயிலுக்குப் போனதும் இறக்கினேன். ஜாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல். குறுக்கே வெட்டினேன். என் பாதியை எடுத்துக்கொண்டு அவர் பாதியைச் சுருட்டி அதே இடத்தில் வைத்தேன். வெண்டைக்காய் நறுக்கிய மாதிரிதான் இருந்தது.

10.11, வெள்ளி

காலையில் தூறல். ஆற்றில் செந்தண்ணீர் என்று பால்காரர் சொன்னார்.

குழல் அருமையாக வருகிறது. கோரை நெட்டுக்கு நிற்கிறது, நூல் வட்டத்துக்கு வளைகிறது. பேர் உள்ளே போகிற மாதிரி சுருட்டி, பசை தடவி, நூல் கட்டி, ஆய்வகத்து அலமாரியில் வைத்தாயிற்று. மூக்குக்கு எண்ணெய்ப் புனல். இறக்கைக்குச் சேலைப் பெட்டி அட்டை. பாராசூட்டுக்கு ரவிக்கைத் துணி. அடியில் தள்ளுவதற்கு, தீபாவளிக்கு ஜெபமணியின் அண்ணன் பிள்ளைகள் விடாமல் வைத்த வாணம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தரகர் அண்ணாச்சி. முறுக்கு, காப்பி. அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவராம். தாலுகா ஆபீஸ் உத்தியோகம். மனைவி தவறிப்போய்விட்டார். பிள்ளை கிடையாது. வாழைத் தோட்டம் உண்டு. பேர் நெல்லையப்பன்.

இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு நெல்லையப்பன் தலையில்தான் விழும். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? அண்ணாச்சி போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, பாயில எழுதுன பேரு பொய்யாப் போவுமா? சாமி ஆளத்தான் மாத்தியிருக்கு, பேர மாத்தல.”

பாயை இறக்கி வெயிலில் போட வேண்டுமாம். அடுத்த வார ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். வெயில் எங்கே இருக்கிறது என்றேன். வரும் என்றாள்.

12.11, ஞாயிறு

மழை. நல்லவேளை.

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். முப்பத்தொன்பது வயது. சரி என்று சொல்லிவிட்டால் என்ன? பெரிதாக ஒன்றும் மாறாது. இங்கே ஊற்றும் காப்பியை அங்கே போய் ஊற்ற வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அம்மா அழுவாள், பெரியத்தை வருவாள், அண்ணாச்சி மூஞ்சியைத் தூக்குவார். சரி சொல்வது சுலபம். அதற்குக்கூடத் தெம்பு இல்லாமல் கிடக்கிறேன்.

அவர் எப்படி இருப்பார் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. குழல் காய்ந்திருக்குமா என்றுதான் நாலு தடவை தோன்றியது.

அம்மா அடுப்படியில் முணுமுணுவென்று தேவாரம். சந்தோஷமாக இருந்தால் மட்டும் பாடுவாள்.

14.11, செவ்வாய்

வெயில்.

காலேஜுக்குக் கிளம்பும்போது அம்மா பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டாள். முழங்கால் வலிக்காரி. ஏறினால் விழுவாள்.

“ஏறாதம்மா. பாய வெட்டிட்டேன்.”

ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றாள்.

“எந்தப் பாதிய?”

“கால்மாட்ட. எம் பேரு இருந்தத. ராக்கெட்டுக்கு எடுத்துட்டேன். முந்தி இருந்தவரும் வேண்டாம், இப்பம் வாரவரும் வேண்டாம்மா. எனக்கு அலுத்துப் போச்சு.”

திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். சோற்று டப்பாவைக் கையில் கொடுத்தாள். தயிர் சாதம், நார்த்தங்காய். நார்த்தங்காய் வைக்க மறக்கவில்லை. பஸ்ஸில் அதற்குத்தான் அழுகை வந்தது.

16.11, வியாழன்

மேகம். அம்மா இன்னும் பேசவில்லை. தட்டு வைக்கிறாள், போகிறாள்.

து.த. ராக்கெட்டை வந்து பார்த்தார். பாய் என்றதும் ஒரே குஷி. “பாமர மக்களின் படுக்கை விண்ணுக்குச் செல்கிறது” என்று பேசப்போகிறாராம். இதன் விலை தெரிந்தால் பாமரம் என்று சொல்ல மாட்டார்.

விடைத்தாள் பாதி முடிந்தது. பின்கழுத்து வலி.

18.11, சனி

தூறல் நின்று வெளிர் வெயில். மைதானம் பூராவும் சகதி. புடவைக் கரை நாசம்.

து.த. பேச்சு முடியவே இல்லை. அதற்குள் வாணத்தைப் பற்றவைக்கும் பேட்டரிக் கம்பி நனைந்துவிட்டது. முதல் தடவை புஸ். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? கம்பியைத் துடைத்து மறுபடி மாட்டினேன்.

போயிற்று.

என்ன எழுதுவது? போயிற்று. ‘உஸ்’ என்று ஒரு சத்தம், புகை, எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மதில் ஓரத்துப் பனைக்கு மேலே போய், கொஞ்சம் சாய்ந்து, அந்தப் பக்கத்து வயலில் விழுந்தது. பாராசூட் விரியவில்லை. நான் கத்தினேனாம். ஜெபமணி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

வயலிலிருந்து ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். விழுந்த வேகத்தில் நூல் அறுந்து குழல் பிரிந்திருந்தது. உள்ளே சுருட்டிய பேர் வெளியே வந்துவிட்டது. அடிப்பக்கம் தீயில் கருகி ‘காந்தி’ போய்விட்டது. மேலே ‘மதி’ மட்டும். ஜெபமணி எட்டிப் பார்த்தாள். “மதியாவது மிஞ்சிச்சே, பொழச்சுக்கிடுவ” என்றாள். வாய்க்கொழுப்பு.

வீட்டுக்கு வந்து சேறு கழுவிப் படுத்தேன். அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

19.11, ஞாயிறு

மழை இல்லை. பெண் பார்க்க வரும் நாள். தலை பின்னாமல் உட்கார்ந்திருந்தேன், வந்தால் வரட்டும் என்று.

அண்ணாச்சி மட்டும் தனியாக வந்தார். வாசலில் நின்றே பேச்சு. அம்மா நேற்றே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சொல்லிவிட்டாளாம், வர வேண்டாம் என்று. அவர் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “எம் மவளுக்கு இஷ்டம் இல்ல அண்ணாச்சி. வேற எடம் பாக்கச் சொல்லுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

காப்பி கொடுக்காமலே அனுப்பிவிட்டாள்.

பூஜை அறைக்குப் போனால் அங்கே தலைமாட்டுப் பாதி. வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்து, சுவாமி படத்துக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறாள். நெல்லையப்பன் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டு. எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை. என்னம்மா இது என்றேன்.

“இப்பம் அது சாமி பேரு மட்டுந்தான? இங்கனயே இருக்கட்டும்.”

திரி போட்டாள். எண்ணெய் விட்டாள். என் பக்கம் திரும்பாமலே, எவ்வளவு ஒசரம் போச்சு என்று கேட்டாள். பனைக்கு மேலே என்றேன்.

“எந்தப் பன?”