உன்னைத் திரும்பிப் பார்க்க வைத்த கனவு

நீ உயிரோடு இருந்தபோது ஒருநாளும் வாய்விட்டு அழைக்காத வார்த்தையால் இப்போது அழைக்கிறேன். என் கண்ணே அஞ்சலை,

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. நம் பெண் செல்வி கோட்டக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. நான் பழையபடி உப்பளத்துக்குத்தான். விடியுமுன் போய், வெயில் ஏறியதும் திரும்பி, சோறு தின்று படுத்துவிடுகிறேன். அந்தப் பகல் தூக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்டு கழுவிக்கொண்டே செல்வி கேட்டாள். "அப்பா, அம்மா சிரிச்சா எந்தக் கன்னத்துல குழி வுழும்?"

வலது என்றேன். அவள் இடது என்றாள். கொஞ்ச நேரம் வழக்காடினோம். இரண்டு பேருக்குமே நிச்சயமில்லை. சுவரில் இருப்பது பேங்க் கணக்குக்காக எடுத்த படம். "திருடியைப் புடிச்சி நிக்க வச்ச மாதிரி இருக்குது" என்று நீயே சொன்ன படம். கல்யாணப் படங்கள்தான் புயல் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயினவே. அன்றைக்கு நண்டுக் குழம்பு அப்படியே இருந்தது.

கனவில் நீ வராமலில்லை. ஆனால் எப்போதும் ஒரே கனவு. புடவைக்கு மேலே என் பழைய சட்டை, தலையில் உப்புக் கூடை, வரப்பில் எனக்கு முன்னே போய்க்கொண்டிருப்பாய். முதுகுதான் தெரியும். இதைச் சொன்னதும் செல்வி ஒரு வழி சொன்னாள்.

"கனவு காணும்போதே இது கனவுன்னு தெரிஞ்சிட்டா, நம்ம இஷ்டத்துக்கு அதை மாத்தலாமாம்பா. போன்ல பாத்தேன். முழிச்சிருக்கும்போது அடிக்கடி கையைப் பாத்து, இது கனவா நெஜமான்னு கேட்டுக்கணும். பழகிட்டா கனவுலயும் கேப்போமாம்."

அப்புறம் என்ன? பலகையால் உப்பை வாருவதும், அதை நிறுத்திவிட்டுக் கையைப் பார்ப்பதுமாக இருந்தேன். பக்கத்துப் பாத்தி முருகேசன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டான். "ஏம்பா, ரேகை பாக்குறியா? இனிமே உனக்கு இன்னா யோகம் வரப்போவுது?"

சித்திரையில் ஒரு மதியம் அது நடந்தது. நீ முன்னே போகிறாய். நான் கையைப் பார்க்கிறேன். உப்பு அரித்த வெடிப்பு ஒன்றுகூட இல்லை. உன்னைக் கட்டிக்கொண்ட நாளில் இருந்த கை. கனவு என்று புரிந்தது. "அஞ்சலை" என்று கத்திக்கொண்டு ஓடினேன். விழித்துவிட்டேன்.

ஆசைப்பட்டு ஓடினால் கலைந்துவிடும் என்று கற்றுக்கொள்ள இன்னும் சில கனவுகள் ஆயின. பிறகு ஒருநாள் நின்ற இடத்திலேயே நின்று, "திரும்பு" என்றேன். உடனே திரும்பினாய். முகம் பேங்க் படத்தின் முகம். "சிரி" என்றேன். சிரித்தாய். வலது கன்னத்தில் குழி விழுந்தது. இடதாக இருக்குமோ என்று நினைத்தேன், அது இடதுக்கு மாறியது. நான் நினைக்க நினைக்கக் குழி இங்கும் அங்கும் போனது. நீயும் சொன்னபடியெல்லாம் நின்றாய்.

பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். நான் சொன்னதை நீ எப்போது கேட்டிருக்கிறாய்? அது யார், அஞ்சலை?

செல்வி வந்ததும் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வுட்டுடுப்பா. அம்மாவை அப்பிடி இழுத்துக்கினு வர வேணாம்" என்றாள். விட்டுவிட்டேன். கையைப் பார்ப்பதையும் நிறுத்தினேன்.

ஆடிக் காற்று வீசத் தொடங்கிய பிறகு, நான் தேடாமலே அந்தக் கனவு வந்தது. கனவு என்பது இந்த முறையும் தெரிந்தது. வாயே திறக்காமல் உன் பின்னால் நடந்தேன். திடீரென்று கூடையை இறக்கி வைத்துவிட்டு நீயாகவே திரும்பினாய். புருவத்தில் உப்புத் தூள், மூக்குத்தி ஓரம் வியர்வை, எரிச்சலில் சுருங்கின கண்.

"இன்னா, முதுகையே பாத்துக்கினு வர? குடிக்கத் தண்ணி எடுத்தாந்தியா?"

"மறந்துட்டேன்."

"எதைத்தான் நெனவு வச்சிருக்கிற நீ" என்று வரப்பில் உட்கார்ந்தாய். நானும் உட்கார்ந்தேன். எவ்வளவோ கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது விழித்தேன் என்றே தெரியவில்லை.

"சிரிச்சாங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"எங்க சிரிச்சா? திட்டினா."

அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்ப அம்மாதான்" என்றாள். குழி இடதா வலதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பொம்மையார்பாளையம். அமைதியான பையன். உன் பெண்ணின் வாய்க்கு அதுதான் சரி. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு சண்டை போட யார் இருக்கிறார்கள்?

இனி கனவில் உனக்கு ஒரு உத்தரவும் போடமாட்டேன், அஞ்சலை. இது சத்தியம். தோன்றும்போது வா, வந்த வேலை முடிந்ததும் போ. கல்யாண வேலையில் நான் எங்கே கோட்டை விடுகிறேன் என்று உனக்குத் தெரியாதா என்ன? சொல்லிவிட்டுப் போ. இந்த முறை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்