நாலாவது பிஸ்டன்

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போது, சிக்னலில் பக்கத்தில் நின்ற கார் கிளம்பியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல அதே சத்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலையை வெளியே நீட்டி, "தம்பி, எஞ்சின் தட்டுது, பாருங்க!" என்று கத்தினேன். அவர் என்னையும் மீன் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீங்களாக இருந்தால் ஆட்டோவை அவர் பின்னாலேயே விடச் சொல்லியிருப்பீர்கள்.

நம் காரில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது யார் என்று கடைசிவரை சண்டை போட்டோமே. நான்தான் கேட்டேன். இப்போது மறுத்துப் பேச நீங்கள் இல்லை, ஜெயித்தும் சந்தோஷமில்லை.

பிரான்சிலிருந்து உங்கள் தம்பி காருக்கு ஒரு சிப் அனுப்பியபோது, நீங்கள் இருவரும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. பெற்ற பப்பாவின் சாவுக்கு அவர் வரவில்லை என்ற கோபம் உங்களுக்கு. லீவுக்கு வந்த யாரோ ஒருவர் கருவடிக்குப்பத்தில் நம் வீட்டைத் தேடிப்பிடித்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். "அண்ணன் கார்ல போடச் சொன்னாரு. அவரு கார்லயும் இதே எஞ்சின்தானாம்." அவ்வளவுதான் சேதி. எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்வது அந்தச் சிப். மாற்றினால் வேகம் கூடும் என்றீர்கள். அன்றைக்கே மாற்றினீர்கள். கார் பறந்தது. உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் வேகத்தினால் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஒரு நாள், காலாப்பட்டு தாண்டி, கார் உதறிப் புகை கக்கி நின்றது. இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டோம். அப்புறம் நீங்கள் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. பெட்ரோலில் கலப்படம் என்று டாங்கைக் காலி செய்தீர்கள். ஆயில் சரியில்லை என்றீர்கள். மெக்கானிக் பெல்ட்டைத் தப்பாக மாட்டிவிட்டான் என்று அவனோடு மல்லுக்கு நின்றீர்கள். ஒவ்வொன்றும் பொய்யாகப் போனது. கண்ணுக்கு எதிரே இருந்த ஒன்றை மட்டும் நீங்கள் தொடவேயில்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினபோது நாலாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளித் துகள் ஒட்டியிருந்தது. "அலுமினியம். உள்ள உருகியிருக்கு" என்றீர்கள். எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தோம். நாலாவது பிஸ்டனின் விளிம்பு, எலி கொறித்த தேங்காய் மாதிரி இருந்தது.

"சிப்பையும் பாக்கணும்ங்க" என்றேன்.

"அவன் அனுப்புனதுல தப்பு இருக்காது."

"ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகம், தம்பி மேல மட்டும் கெடையாதா?"

"வருஷக்கணக்கா பேசாதவன் ஒண்ணு அனுப்பியிருக்கான். அதயும் தப்புன்னு சொல்லச் சொல்றியா?" என்று கத்தினீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எஞ்சின் போனாலும் போகட்டும், தம்பி மறுபடி கை நழுவிப் போய்விடக்கூடாது என்று நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குப் பயம், எனக்கோ பொறுமையில்லை. ஐ.எஸ்.டி. போட்டு, மணி அடித்ததும் போனை உங்கள் கையில் திணித்தேன். "அலோ" என்று அங்கே குரல் கேட்டது. நீங்கள் விழுங்கி விழுங்கி, இத்தனை வருஷம் கழித்துத் தம்பியிடம் பேசின முதல் வார்த்தை இதுதான்:

"டேய், அங்க என்ன பெட்ரோல்டா போடுற?"

அந்தப் பக்கத்திலிருந்து "அண்ணே" என்றார். உடைந்த குரல் எனக்கே கேட்டது.

அங்கே ஊற்றுவது இங்கே கிடைப்பதைவிட உசத்தி ரகமாம். அதை நம்பி அந்தச் சிப் தீப்பொறியை முன்கூட்டியே விட்டிருக்கிறது. நம் பெட்ரோல் தாங்காமல் கண்டபடி வெடித்து வெடித்துப் பிஸ்டனைத் தின்றுவிட்டது. "நல்ல சிப்புதான். நம்ம பெட்ரோலுக்குத்தான் ஒத்துக்கல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, புதுப் பிஸ்டன் போட்டுப் பழைய சிப்பையே மாட்டினீர்கள். அன்று அரை மணி நேரம் அண்ணனும் தம்பியும் பேசியது பெட்ரோல்தான். பப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இதென்ன ஜென்மங்கள் என்று நான் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

பப்பாவுக்கு வராதவர் உங்களுக்கு வந்தார். கல்லறையிலிருந்து திரும்பி, நேராகப் போய்க் காரைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

நீங்கள் கழற்றி வைத்த அந்தப் பிஸ்டன் இன்னும் போன் பக்கத்தில்தான் இருக்கிறது. எந்த வண்டியில் ஏறினாலும் என் காது எஞ்சினில்தான் கிடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் போன் மணி அடிக்கும். "வண்டி ஓடுதா அண்ணி?" என்பார். உங்களைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் போனை எடுக்கிறேன். வாயைத் திறந்தால் வண்டிப் பேச்சுதான் வருகிறது, அவருக்கும் அப்படித்தான் போல. போன ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பெட்ரோலைப் பற்றியே பேசினோம்.