மஜீது என்று ஒரு ஆப்ஷன்

சென்னை
8 பிப்ரவரி 2025

அன்புள்ள மர்யம்,

நலமா? உன் மாமியார் சாரா உம்மாளுக்கு முட்டிவலி தேவலையா? போனில் பேச வேண்டியதை மெயிலில் எழுதுகிறாளே என்று கோபப்படாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

நாம் உங்கள் ஊர்ப் படகுகளுக்காக எழுதிய கருவி இப்போது வேறு துறைமுகங்களுக்கும் போய்விட்டது. படகின் ஜிபிஎஸ் பதிவைக் கொடுத்து ஒரு வரி தட்டினால், கடல் எல்லையை எங்கே நெருங்கியது என்று சொல்லிவிடுகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எல்லைக்கு எத்தனை மைல் முன்பே எச்சரிக்க வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷனுக்கு நாம் ஆசையாக உன் வீட்டுக்காரர் பெயரை வைத்தோமே, அதில்தான் சிக்கல். வெளியூரில் '--மஜீது' என்றால் யாருக்கும் புரியவில்லை. குணசேகரன் என்று ஒரு கிளார்க், படகு ஓட்டுநரின் பெயரைக் கேட்கிறது என்று நினைத்து, தங்கள் ஓட்டுநர் பெயரைப் போட்டிருக்கிறார். கருவி ஏற்கவில்லை. எரிச்சலில் அந்த ஆப்ஷனையே விட்டுவிட்டார். எச்சரிக்கை வரவில்லை. அந்தப் படகு வாரக்கணக்கில் எல்லையை ஒட்டியே போய்வந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. நல்லவேளை, இலங்கைக் கடற்படையிடம் பிடிபடவில்லை.

அதனால் '--தூரம்' என்று மாற்றிவிட்டேன். கையேடு முழுவதும் நீ எழுதியது. அதில் அவர் பெயரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உன்னை எடுக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. நீ சரி என்றால் நானே எப்படியாவது செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
கௌசல்யா


ஜெகதாப்பட்டினம்
11 பிப்ரவரி 2025

அன்பு கௌசி,

மாமி உன்னை விசாரித்தார். வலி அப்படியேதான் இருக்கிறது.

மாற்றிவிட்டுப் பிறகு எனக்கு எழுதினாயே, அது மட்டும்தான் என் குறை. மாற்றியது சரிதான். நாளைக்கே மஜீது மச்சான் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நாம் இருவரும் கடல் வரைபடத்தை வைத்துக்கொண்டு எத்தனை மைல் என்று குழம்பியபோது, "எல்லைக் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்புறதுக்கு என்னத்துக்கு ஓட்டுநரு? மூணு மைலுக்கு முன்னாலயே திருப்பிறணும்" என்று அவர் சொன்னதால்தானே அந்தப் பெயரே வந்தது. யாரும் மாட்டக் கூடாது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

கையேட்டை நானே திருத்துகிறேன். வேறு யாரும் தொட வேண்டாம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மறுபடியும் வீட்டுக்கு வந்தார். படகு கவிழ்ந்ததைக் கூடப் போனவர்களே பார்த்திருக்கிறார்கள், வருடம் இரண்டு ஆகிவிட்டது, அவர் மவுத்தானதாக ஏற்றுக்கொண்டு நான் இத்தா இருக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னார். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. முடியாது என்றேன். அக்கரைச் சிறையில் அவர் ஜாடையில் ஒருவரைப் பார்த்ததாகக் கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேனே. மாமியும் என் பக்கம்தான். "வந்து நிப்பான், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டார். இப்போதும் மச்சானுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய பெயரைத் தட்டினாலும் ஓடும்படி வைக்க முடியாதா?

உன்,
மர்யம்


சென்னை
12 பிப்ரவரி 2025

மர்யம்,

முடியும். இந்தப் பதிப்பில் இரண்டு பெயருமே ஓடும். ஆனால் பழையதைத் தட்டினால் திரையில் ஒரு வரி வரும்: 'இந்தப் பெயர் இப்போது இல்லை. தூரம் என்று எழுதவும்.' வழக்கமாக எழுதும் வரிதான். எழுதி முடித்துப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. உனக்கு எப்படி வேண்டுமோ அப்படி மாற்றிக்கொள்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறேன். மற்றத் துறைமுகங்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கௌசி


ஜெகதாப்பட்டினம்
20 பிப்ரவரி 2025

அன்பு கௌசி,

கையேட்டை முடித்து அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

பெயரை ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை, ஒவ்வொரு பக்கமாகப் போனேன். 'மஜீது இல்லாவிட்டால் எச்சரிக்கை வராது' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அதைக்கூட மாற்றிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் பெயர்க் காரணம் இருந்ததே, அங்கேதான் நின்றுவிட்டேன். 'மஜீது ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிறார்.' ஆப்ஷன் போன பிறகு அந்தப் பத்தி எதற்கு? எடுத்துவிட்டால் அவர் சொன்ன மூன்று மைல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. விட்டுவைத்தால், கையேட்டில் பொய் இருக்கிறது என்று ஆகிவிடும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, 'ஓட்டுகிறார்' என்பதை அழித்துவிட்டு 'ஓட்டினார்' என்று அடித்தேன்.

அதற்குப் பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாமி வந்து என்னம்மா என்று கேட்டார். அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வாராரு வாராருன்னு சொன்னதாலதாம்மா நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

நானும் மாமிக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கௌசி. சிறையில் பார்த்ததாகச் சொன்னவரை நான் திரும்பப் போய் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம். இந்த இரண்டு வருடமும் ஆளுக்கொரு பக்கம் போய்த்தான் அழுதிருக்கிறோம்.

எதையும் பழையபடி ஆக்க வேண்டாம். திரையில் நீ எழுதிய வரியும் அப்படியே இருக்கட்டும். படிக்கிறவர்களுக்குப் புரிகிறது.

மாமி ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இறந்தவர்களுக்கு ஓதும் யாசீனை நாளை மச்சானுக்கு ஓதுகிறார்கள். நாளையிலிருந்து நான் இத்தா. மீனவர் சங்கத்து ஆபீஸ் வேலைக்குக் கொஞ்ச நாள் போக முடியாது.

கையேட்டில் வேறு ஏதாவது திருத்தம் இருந்தால் அனுப்பு. வீட்டிலேதான் இருப்பேன்.

உன்,
மர்யம்